உடலில் வைத்ததை எடுக்கும் உரிமை

வேப்பம்பட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சில தினங்களாக நமது மேஜைமீது இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். அதற்கு நாம் கட்டுப்பட்டவர்கள். புற்றுநோயால் ஒரு பக்கத்து மார்பை ரண சிகிச்சையில் இழந்து, பின்னர் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவ்விடத்தில் சிலிக்கான் பை வைக்கப்பெற்றவர் அவர். ஒன்பது வருஷங்கள் சென்றன. இப்பொழுது அந்தப் பை கல்லைப்போல் இறுகிவிட்டது. கையைத் தூக்கினால் வலி. அப்பக்கம் சாய்ந்து படுக்க இயலவில்லை. எடுத்துவிடலாமென்று போனார். வைத்த வைத்தியர் அங்கே இல்லை. பை எந்தக் கம்பெனியின் சரக்கு, அதன் இலக்கம் என்ன என்பதைக் காட்டும் சீட்டு ஆஸ்பத்திரியிலும் இல்லை; அவரிடமும் கொடுக்கப்படவில்லை. காப்பீட்டுக் கம்பெனியோ, இது அழகுக்கான சிகிச்சை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. வேப்பம்பட்டுக்கும் சென்ட்ரலுக்குமாகப் பல தடவை ரயிலில் அலைந்தபின் அவர் கேட்பது ஒரே கேள்வி: "வைக்கும்போது எல்லோரும் இருந்தார்கள், எடுக்கும்போது ஒருவருமில்லையே, ஏன்?"

இவ்விஷயத்தைத் தலையங்கத்தில் எழுதலாமா என்று நேயர்கள் சிலர் தயங்கக் கூடும். நாம் தயங்கவில்லை. ஸ்திரீகளின் சரீரத்தைப் பற்றிய பேச்சு வெட்கத்துக்குரியது என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பதே, தவறு செய்வோருக்குப் பெரிய அரணாக இருந்து வருகிறது.

முதலில் விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இம்ப்ளான்ட் என்று வைத்தியர்கள் வழங்கும் இந்தப் பைகள் ஆயுள் முழுவதும் இருக்கத்தக்கவை அல்ல. அந்நியப் பொருள் ஒன்று உள்ளே புகுந்தால், தேகம் அதைச் சுற்றி ஒரு சவ்வை வளர்ப்பது இயற்கை. சிலருக்கு அந்தச் சவ்வு தடித்துச் சுருங்கிப் பையை நெருக்குகிறது. அதனாலேயே இறுக்கமும் வலியும் உண்டாகின்றன. சிலருக்குப் பை கிழிகிறது. சிலிக்கான் பையானால் கிழிந்தது வெளியே தெரியாமலே வருஷக் கணக்கில் இருக்கலாம்; எம்.ஆர்.ஐ. பரிசோதனையில்தான் அது நன்றாகப் புலப்படும். இவை அன்றி, ஓயாத களைப்பு, மூட்டு வலி, ஞாபகக் குறைவு முதலியவற்றைச் சொல்லும் ஸ்திரீகள் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். இதற்குக் காரணம் இன்னதென்று வைத்திய சாஸ்திரம் இன்னும் நிச்சயிக்கவில்லை; உறுதி செய்யும் பரிசோதனையும் இல்லை. ஆயினும் பையை எடுத்தபின் குணமடைந்ததாகக் கூறுவோர் பலர். காரணம் தெரியவில்லை என்பதும், நோயே இல்லை என்பதும் ஒன்றல்ல.

இத்தகைய பை முதன்முதலாக ஒரு ஸ்திரீயின் தேகத்தில் வைக்கப்பட்டது 1962ல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். அதன்பின் முப்பது வருஷம் வரையில் தடையின்றி விற்பனை நடந்தது. பத்திரம் என்பதற்குத் தயாரிப்பாளர் போதிய சான்று காட்டவில்லை என்று 1992ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சிலிக்கான் பைகளைப் பொது உபயோகத்தினின்று விலக்கிற்று. ஆயிரக்கணக்கான வழக்குகளின் பாரத்தால் டவ் கார்னிங் கம்பெனி 1995ல் திவால் பாதுகாப்பை நாடியது. 1999ல் அந்நாட்டு வைத்திய நிபுணர் குழு, தேகமெங்கும் பரவும் நோய்களுக்கு இப்பைகளே காரணமென்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆனால் இறுகுதலும் கிழிதலும் மறு ரண சிகிச்சையும் மெய்யான தொல்லைகள் என்பதை அதே குழு ஒப்புக்கொண்டது. 2006ல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

பிரான்ஸ் தேசத்தில் நடந்தது இன்னும் கொடியது. பி.ஐ.பி. என்னும் கம்பெனி, வைத்தியத்துக்குரிய சிலிக்கானுக்குப் பதிலாக ஆலை உபயோகத்துக்கான மலிவுச் சரக்கை அடைத்துப் பல தேசங்களுக்கும் விற்று வந்தது 2010ல் வெளியாயிற்று. அந்நாட்டில் மாத்திரம் ஏறக்குறைய 30,000 ஸ்திரீகள் அதைத் தாங்கியிருந்தனர். 2011 டிசம்பரில் பிரெஞ்சு சர்க்கார் அவற்றை எடுத்துவிடுவதே நலம் என்று அறிவித்து, எடுக்கும் செலவைத் தானே ஏற்றது. பிரிட்டனிலும், பணம் வாங்கி வைத்த தனியார் வைத்தியசாலை கைவிட்டால் பொது சுகாதார சேவையே எடுத்துவிடும் என்று 2012ல் ஏற்பாடாயிற்று. கம்பெனி ஸ்தாபகர் 2013ல் நான்கு வருஷச் சிறைத் தண்டனை பெற்றார்.

2019 ஜூலையில் மூன்றாவது எச்சரிக்கை வந்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றி அபூர்வமான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது கண்டு, அமெரிக்க நிர்வாகத்தின் வேண்டுகோளின்மேல் அல்லெர்கன் கம்பெனி தனது பயோசெல் ரகத்தை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதுவரை உலகில் கணக்குக்கு வந்தவை 573 நோயாளிகள், 33 மரணங்கள். தொல்லை இல்லாதவர் பயந்து உடனே எடுக்க வேண்டியதில்லை என்றும் அந்நிர்வாகம் கூறியது. ஆனால் வருஷங்கள் கழிந்து திடீரென வீக்கமோ கட்டியோ கண்டால் தாமதியாமல் வைத்தியரை அடைய வேண்டும். இந்த அபாயங்களைக் கட்டமிட்ட எச்சரிக்கையாக அச்சிட்டு, ஸ்திரீக்கு ஒவ்வொன்றாய் விளக்க வேண்டுமென 2021ல் அங்கு விதி ஏற்பட்டது.

சரக்கைத் திரும்பப் பெற உத்தரவிடுவது எளிது. அச்சரக்கு யார் தேகத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலன்றி அவ்வுத்தரவு காகிதமே. இந்தப் பாடத்தை நமது தேசம் முன்னமே படித்திருக்கிறது. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். என்னும் இடுப்பு மூட்டு 2010ல் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்டோர் சுமார் 4,700 பேர் என்று பின்னர் சர்க்கார் நியமித்த குழு கண்டது. அவர்களில் பெரும்பாலோரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. நஷ்ட ஈட்டுக்கு முறை வகுப்பதற்குள் 2018ம் வருஷம் பிறந்துவிட்டது. ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் மார்புப் பைகளுக்கென்றே பதிவேடு வைத்திருப்பது இதை உணர்ந்துதான். அந்நிய நாட்டுக் கம்பெனிகள் அந்நாட்டு ஸ்திரீக்கு ஒரு நியாயமும் நமது ஸ்திரீக்கு வேறொரு நியாயமும் வழங்க நாம் இடங்கொடுத்தால், குற்றம் கம்பெனியோடு நிற்பதில்லை.

நமது மாகாணத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 2018ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மார்பு சம்பந்தமான ரண சிகிச்சைகள் ஏழைகளுக்கு இலவசமாய்ச் செய்யத் தொடங்கப்பட்டபோது, அழகு பணக்காரருக்கு மட்டுமா என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான். அதே மூச்சில், பின்னாளில் எடுக்க வேண்டியவருக்கு யார் எடுப்பது என்பதும் கேட்கப்பட வேண்டாவா? சட்டத்தின் நிலையைப் பாருங்கள். வி.பி. சாந்தா வழக்கில் 1995ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்தபடி, எல்லோருக்கும் கட்டணமின்றிச் செய்யப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. ஆகவே இலவசமாக வைத்துக்கொண்ட ஏழைக்கு நுகர்வோர் மன்றத்தின் கதவு அடைபட்டிருக்கிறது. பணம் கொடுத்தவருக்கோ காலக்கெடு இரண்டே வருஷம். பையின் தொல்லையோ பெரும்பாலும் பல வருஷம் கழிந்தே தலைகாட்டுகிறது. மறைந்திருக்கும் தீங்கானால், அது தெரியவந்த நாள் முதல் கெடுவைக் கணக்கிடலாம் என்று அதே கோர்ட்டு 2010ல் சொல்லியிருப்பது ஓரளவு ஆறுதல்.

தானாக விரும்பி வைத்துக்கொண்டவருக்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்று கேட்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது விடை இரண்டு. ஒன்று, வேப்பம்பட்டுச் சகோதரியைப்போல் நோயால் இழந்ததை ஈடு செய்துகொண்டோரும் பலர். இரண்டு, அபாயம் இன்னதென்று அறிந்து கொடுத்த சம்மதமே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. இது ஆயுள் முழுதும் நில்லாது, எடுக்க மீண்டும் கத்தி வைக்க வேண்டும் என்று சொல்லாமல் வாங்கிய கையெழுத்தைக் காட்டி, நீயே கேட்டாய் என்று கூறுவது நியாயமாகாது.

அச்சகோதரிக்கு நாம் சொல்லக் கூடியது இது. காப்பீட்டு அதிகார சபை 2019ல் வகுத்த பொது விலக்கு விதியிலேயே, புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்பும், தேகத்துக்கு நேரான அபாயத்தை நீக்க அவசியமென்று வைத்தியர் சான்றளிக்கும் சிகிச்சையும் அழகு சிகிச்சை என்ற விலக்குக்கு உட்படா என்று கண்டிருக்கிறது. ஆகையால் வைத்தியரிடம் அச்சான்றை எழுத்தில் பெற்று மீண்டும் மனுச் செய்க. மறுத்தால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் செல்க. முந்திய ரண சிகிச்சைக் குறிப்புகளின் நகலை ஆஸ்பத்திரியிடம் எழுத்து மூலம் கேட்க. 2015 முதல் நடந்துவரும் வைத்திய சாதனக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தமது தொல்லையைத் தெரிவிக்க. எடுத்தால் சவ்வு முழுவதையும் எடுத்தே தீரவேண்டும் என்று வெளியிற் கேட்டதை நம்பி வற்புறுத்த வேண்டாம். புற்றுநோய் கண்டாலன்றி அது எல்லோருக்கும் அவசியமல்ல, அதற்கென்று தனி அபாயமும் உண்டு.

சர்க்காருக்கு நாம் சொல்ல வேண்டியவை மூன்று. பை வைக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் கம்பெனிப் பெயரும் இலக்கமும் அடங்கிய சீட்டை நோயாளி கையில் கொடுத்துப் பதிவேட்டிலும் எழுதவேண்டும். எழுதாதவருக்கு அபராதம் விதிக்கவேண்டும். இலவசமாய் வைக்கும் இடத்தில் எடுப்பதும் இலவசமாய் இருக்கவேண்டும். சென்னைக்கு வந்து அலையாமல், திருவள்ளூர் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேனும் இத்தகையோரைப் பரிசோதித்து வழிகாட்ட வாரம் ஒரு நாள் ஏற்படுத்தவேண்டும். இவற்றுக்குப் பெரும் பொக்கிஷம் வேண்டியதில்லை. வேப்பம்பட்டிலிருந்து வந்த கேள்விக்கு மந்திரிசபை விடை சொல்லும் வரையில், நாம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்போம்.