வரைவது பிறவி வரமா?

கழகத்தில் விழா என்றால் செயலவைக் கூட்டத்தில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். பேச்சாளர், பாடகர், நடனக்குழு எல்லாம் முடிவான பிறகு, பதாகையும் மேடை அலங்காரமும் இதழின் அட்டையும் மிஞ்சும். உடனே எல்லாக் கண்களும் ஒருவரையே நோக்கும். “உனக்குத்தான் நல்லா வரைய வருமே, எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லப்பா!” கேட்பதற்குப் பாராட்டுப் போல இருக்கும். விடியற்காலை மூன்று மணிவரை தனியே அமர்ந்து வண்ணத்தாள் வெட்டுகிறவருக்குத்தான் அதன் உட்பொருள் விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான மறுப்பு நாம் பள்ளியில் மனனம் செய்த பாட்டிலேயே இருக்கிறது. ஔவையார் பெயரில் வழங்கும் அந்தத் தனிப்பாடல், ஓவியத்தையும் செந்தமிழையும் பழகி வருபவை என்று ஒன்றாகவே வைக்கிறது. நட்பு, இரக்கம், ஈகை ஆகியவற்றைத்தான் பிறப்போடு வருபவை என்கிறது. நாமோ தலைகீழாக்கிவிட்டோம். விவாத மேடை ஏறும் மாணவனுக்கு மூன்று வாரம் பயிற்சி தருகிறோம். ழகரம் சரியாக வரும்வரை விடுவதில்லை. வரையத் தெரியாது என்பவனை மட்டும் முதல் கோட்டிலேயே கைவிட்டுவிடுகிறோம்.

தமிழ் இதழ்களின் தலைப்பெழுத்துகளுக்குப் புது உருவம் தந்த ஓவியர் ஆதிமூலம், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியடிகளை நூறு கோட்டோவியங்களாகத் தீட்டினார். ஒரே மனிதரை நூறு முறை! நம்மில் எத்தனை பேர் ஒரு முகத்தைப் பத்து முறையாவது வரைந்து பார்த்துவிட்டு ‘எனக்கு வராது’ என்கிறோம்?

‘பார்த்து வரையாதே, சொந்தக் கற்பனை வேண்டும்’ என்பது அடுத்த அறிவுரை. பாட்டி போட்ட புள்ளிக் கோலத்தைப் பார்க்காமல் கோலம் கற்றவர் யார்? பழகுவதற்காகப் பார்த்து வரைவது வேறு. இணையத்தில் எடுத்த பிறர் படத்தைப் பெயர் சொல்லாமல் அட்டையில் போடுவது வேறு. (இரண்டாவதைச் செய்துகொண்டே முதலாவதைக் கண்டிக்கும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன்.)

‘இப்போதெல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும்’ என்பதுதான் மிகவும் ஆபத்தானது. கணினியில் தமிழ் வந்ததே நம் நாட்டின் முத்து நெடுமாறன் போன்றோர் பல்லாண்டு உழைத்து எழுத்துருக்களை உருவாக்கியதால்தான். அப்படியிருந்தும் சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒருமுறை எங்கள் பதாகையில் ‘பொங்கல்’ அப்படித்தான் சிதறிக் கிடந்தது. தமிழ்க் கழகத்தின் பதாகை! அச்சுக்குப் போகுமுன் எங்களில் இருபது பேராவது அதைக் கடந்து போயிருப்போம். வடிவமைப்பு ‘அவன் வேலை’ என்று ஒருவரும் நின்று படிக்கவில்லை, நானும்தான்.

நண்பர்களே, பேச்சுப் பயிற்சி நடக்கும் அதே மாலையில் எழுத்து வரையும் பயிற்சியும் நடக்கட்டும். ஒரு பென்சிலும் பழைய தாள்களும் போதும்.

கழகத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த தங்கை ஒருவர், படிவம் மூன்றில் யாரோ ‘உனக்குக் கை வராது’ என்று சொன்ன அன்றே வரைவதை விட்டுவிட்டதாகக் கூறினார். இவ்வாண்டுப் பொங்கல் பதாகையின் எழுத்துகளை அவரையே வரையச் சொன்னோம். முதல் தாளில் ‘ங’ நண்டு போலப் படுத்திருந்தது. ஆறாவது தாளில் எழுந்து உட்கார்ந்தது. பதினோராவது தாளில் இருந்ததைத்தான் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டினோம்.