மாத்திரையும் மன்றாட்டும்



2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் நம் கடற்கரையைச் சூறையாடியதை நாம் மறக்கவில்லை. கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. மகனை இழந்த தாய் ஒருத்தி, ஈராண்டு கழிந்தும் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, எவரோடும் பேச்சின்றிக் கிடந்தாள். மருத்துவர் அதனை மனச்சோர்வு நோய் எனக் கண்டு மாத்திரை கொடுத்தார். மூன்று மாதங்களில் அவள் மீண்டும் அடுப்பு மூட்டினாள், திருப்பலிக்கும் வந்தாள். பின்னர் ஒருநாள், "சாமி, மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு விசுவாசம் இல்லை என்கிறார்களே! நான் நிறுத்திவிட்டேன்" என்றாள். தலைசுற்றலும் எரிச்சலும், இனி வாழவேண்டாம் என்னும் எண்ணமும் அதற்குள் அவளைப் பற்றியிருந்தன. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

அம்மாத்திரை செய்வது யாது? மூளையின் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருள்களுள் ஒன்று செரோடோனின். ஓர் அணுவிலிருந்து புறப்பட்டு, சிறு இடைவெளியைக் கடந்து, அடுத்த அணுவிடம் செய்தியைச் சேர்த்தபின் அது புறப்பட்ட இடத்திற்கே உறிஞ்சிக்கொள்ளப்படுகிறது. ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்துகள் அவ்வுறிஞ்சலைத் தடுத்து, அப்பொருள் அவ்விடைவெளியில் மிகுந்திருக்கச் செய்கின்றன.

இவ்வறிவு வளர்ந்ததில் நம் நாட்டு மூலிகைக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் உலகிற்கு எடுத்துரைத்தார். அவ்வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதை உண்டவருள் சிலர் மனம் சோர்ந்தனர். அம்மருந்து மூளையின் செரோடோனினை வெளியேற்றுவதை 1955இல் ஆய்வாளர் கண்டனர். இத்தகைய ஆய்வுகளின் வழியே புதிய மருந்துகள் பிறந்தன. ஃபுளுவாக்செட்டினுக்கு 1987இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

செரோடோனின் குறைவு ஒன்றே மனச்சோர்வுக்குக் காரணம் என இன்று அறிஞர் கருதுவதில்லை. துயரமும் வறுமையும் தனிமையும் பரம்பரையும் அதில் கலந்துள்ளன. ஆயினும் இம்மருந்துகளால் பலர் நலம் பெறுகின்றனர்.

மாத்திரை உண்போர் சிலவற்றை நினைவிற் கொள்க. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் குமட்டலோ உறக்கக் குறைவோ தோன்றலாம். இளையோரை முதல் வாரங்களில் வீட்டார் கண்காணிக்க வேண்டும். சில வலிநிவாரண மாத்திரைகளோடு சேர்ந்தால் இவை தீங்கு செய்யும். ஆதலால் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுக. அவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

விசுவாசக் குறைவு என்போரே, சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த இறைவாக்கினர் எலியாவை எண்ணிப் பாருங்கள். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டு, அப்பமும் நீரும் அனுப்பினார். மருத்துவரை மதிக்கும்படி சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. நீரிழிவுக்கு ஊசி போடுபவரை எவரும் விசுவாசமற்றவர் என்பதில்லையே!

உங்கள் இல்லத்தில் எவரேனும் இவ்வாறு வாடினால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணிலும் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

அத்தாய் இன்று நலமாக இருக்கிறாள். செபமாலையையும் மாத்திரையையும் ஒரே பெட்டியில்தான் வைத்திருக்கிறாள்.