பைலட் படிப்பா? முதலில் காதைக் கவனியுங்கள்!

கோடையில் மரக்காணம் உப்பளத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பாத்திக்குப் பாத்தி குவித்த உப்பின் வெண்மை கண்ணை எப்படிக் கூசச் செய்யும் என்று. ஒரே நாளில் கண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால், வருடக்கணக்கில் அந்த வெளிச்சத்திலேயே உப்பு வாருகிறவர்களைக் கேட்டால், கண் எரிச்சல், பார்வைக் குறை என்று பலர் சொல்வார்கள். வலிக்காமல், தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் சேதம் அது.

விமானம் ஓட்டும் வேலையிலும் இப்படித் தேய்கிற ஓர் உறுப்பு உண்டு. அதுதான் காது.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையம் வந்துவிடும். விமானம் என்பது இந்தக் கரையோரக் குடும்பங்களுக்கு இன்று எட்டாத பொருள் இல்லை. வங்கிக் கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ பிள்ளையை பைலட் படிப்புக்கு அனுப்பும் பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கட்டணம் பல பத்து லட்சம். அந்தச் செலவுப் பட்டியலில் கடைசி வரியில் சின்னதாக ஒன்று இருக்கும்: ஹெட்செட். 'அது என்ன, செல்போன் கடையில் கிடைக்காதா?' என்று சிலர் நினைப்பார்கள். 'இருப்பதிலேயே விலை உயர்ந்ததை வாங்கிவிடுவோம்' என்று சிலர் கிளம்புவார்கள். இரண்டுமே தேவையில்லை.

எவ்வளவு சத்தம்?

இந்தியாவில் வணிக பைலட் உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி செஸ்னா 172, டைமண்ட் டிஏ40 போன்ற ஒற்றை இன்ஜின் விமானங்களில்தான். இவற்றின் உள்ளே சத்தம் 90 டெசிபல் அளவில் இருக்கும்.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது, அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் ஒரே மணி நேரம். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பைலட்டுகளுக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் காது கேட்கும் திறனையும் சோதிக்கிறார்கள். காது போனால், கட்டிய பணமும் கனவும் சேர்ந்தே போகும்.

குழாயில் தொடங்கிய கதை

முதல் உலகப்போர் காலத்தில், 1917 வாக்கில், இங்கிலாந்தின் கோஸ்போர்ட் என்ற ஊரில் ஸ்மித்-பாரி என்ற பயிற்சி அதிகாரி ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். ஆசிரியர் ஒரு ரப்பர் குழாயில் பேசுவார். குழாயின் மறுமுனை மாணவரின் காதில் இருக்கும். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் தொடங்கிய 1930 வாக்கில்கூட, பயிற்சி விமானங்களில் இந்த 'கோஸ்போர்ட் குழாய்'தான் பழக்கத்தில் இருந்தது.

இன்றைய நவீன ஹெட்செட்டுக்குப் பின்னால் ஓர் இந்திய வேர் இருக்கிறது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரர் நோனி கோபால் போஸின் மகன் அமர் போஸ். 1978-ல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில் இன்ஜின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் போக, சத்தத்தைச் சத்தத்தாலேயே அடக்கும் கணக்கை அந்தப் பயணத்திலேயே போட ஆரம்பித்தார். அவருடைய போஸ் நிறுவனம் 1989-ல் அப்படிப்பட்ட விமான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இரண்டே வகைதான்

ஒன்று, பேசிவ் வகை. காதை இறுக்கமாக மூடி, வெறும் தடுப்பாகவே சத்தத்தைக் குறைக்கும். பச்சை நிற டேவிட் கிளார்க் ஹெட்செட் இதற்குப் பேர்போனது. பேட்டரி வேண்டாம், கீழே போட்டாலும் தாங்கும், பல வருடம் உழைக்கும். வெளிநாட்டு விலை சுமார் 400 டாலர். எடை அரை கிலோவை நெருங்கும்.

இன்னொன்று, ஏ.என்.ஆர் வகை. உள்ளே இருக்கும் சின்ன மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலியலையை உண்டாக்கி அதை அடக்கும். நிமிடத்துக்கு 2,400 முறை சுற்றும் இரண்டு இறக்கை ப்ரொப்பெல்லர் விநாடிக்கு 80 அதிர்வு கொண்ட 'கும்' என்ற ஒலியை எழுப்புகிறது. இத்தகைய தாழ்ந்த ஒலியைத் தடுப்பதில் பேசிவ் வகை பலவீனம், ஏ.என்.ஆர் கெட்டி. எடையும் குறைவு. ஆனால், போஸ், லைட்ஸ்பீட் போன்ற நிறுவனங்களின் உயர் ரகங்கள் நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

எதை வாங்குவது? பயிற்சிக்கு நல்ல பேசிவ் ஹெட்செட்டே போதும். பல தலைமுறை பைலட்டுகள் அதில்தான் படித்தார்கள். கையில் பணம் இருந்தால் ஏ.என்.ஆர் களைப்பைக் குறைக்கும். அதற்காகத் தனியாகக் கடன் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் கூடுதலாகச் சில மணி நேரம் பறக்கலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிளக்: பெரும்பாலான பயிற்சி விமானங்களில் இரண்டு பிளக். கேட்பதற்கு ஒன்று, பேசுவதற்குச் சற்று மெல்லியதாக இன்னொன்று. ஹெலிகாப்டருக்கு ஒற்றை பிளக். ஏர்பஸ்ஸில் வேறு வகை. சேரப்போகும் பள்ளியில் என்ன விமானம், என்ன பிளக் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கண்ணாடி, கம்மல், கொண்டை: மூக்குக் கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால், காது மெத்தைக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழும். சத்தம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். மெல்லிய காம்புள்ள கண்ணாடி நல்லது. ஜிமிக்கி போட்டால் காது மடல் அழுந்தி வலிக்கும், கழற்றிவிடலாம். உச்சியில் கொண்டை போட்டால் தலைப்பட்டை உட்காராது. பின்னல் தாழ்வாக இருக்கட்டும்.

போட்டுப் பார்ப்பது: கடையில் ஒரு நிமிடம் போட்டால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். அரை மணி நேரமாவது போட்டுப் பாருங்கள். முதல் சில பயிற்சிகளுக்குப் பள்ளியிலோ சீனியரிடமோ இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்து முடிவெடுப்பது இன்னும் நல்லது.

பழையது: செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், தப்பில்லை. காது மெத்தையையும் மைக் பஞ்சையும் புதிதாக மாற்றிவிடுங்கள். வயரை அசைத்துக்கொண்டே பேசிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் வேண்டாம்.

மைக்: உதட்டைத் தொட்டும் தொடாமலும், வாய் ஓரத்தில் இருக்க வேண்டும். தள்ளிவைத்தால் உங்கள் குரலைவிட இன்ஜின்தான் அதிகம் பேசும்.

உப்புக் காற்றுக்கு ஓர் எச்சரிக்கை

மரக்காணம் மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இது கூடுதல் பாடம். ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் காற்று, ஹெட்செட் பிளக்கை மட்டும் விட்டுவைக்காது. விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தால் திறந்த மேஜையில் போடாமல் மூடிய பையில் வையுங்கள். பிளக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஏ.என்.ஆர் என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். வியர்வை பட்ட காது மெத்தையை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

ஒரு சொல்லின் விலை

1996 நவம்பர் 12. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் ஆங்கிலக் கட்டளைகளை அந்த விமானிகள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது விசாரணையில் பேசப்பட்ட முக்கியக் காரணம். ஹெட்செட் கோளாறு அல்ல அது. ஆனால், காதில் விழும் ஒரு எண்ணுக்கு என்ன எடை என்பதை அந்த நாள் காட்டியது. ரேடியோவில் 'நைன்' என்பதை 'நைனர்' என்று சொல்லப் பழக்குவதும், சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பதும் இதற்காகத்தான். புதிய மாணவருக்கு ஆங்கிலமும் புதிது, வேகமும் புதிது. அதில் இரைச்சலும் சேர்ந்தால் பாதி வார்த்தை காதில் விழாது.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். காது கேட்கும் திறன் சோதனையின் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதுவரை, இரவெல்லாம் இயர்போனில் முழு சத்தம் வைத்துப் பாட்டுக் கேட்கும் பழக்கம் பிள்ளைக்கு இருந்தால், அதை நிறுத்துவதற்குக் காசு செலவில்லை. எந்த ஹெட்செட்டும் காப்பாற்றப் போவது, மிச்சமிருக்கும் காதைத்தான்.