ஃப்ரேஸியர் எதை ஏற்றுக்கொள்ளவில்லை?

முகமது அலியின் படத்தை நம்மில் பலர் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நானும் ஒட்டியிருக்கிறேன். வியட்நாம் போருக்குப் போக மறுத்து 1967இல் பட்டத்தைப் பறிகொடுத்த அந்த மனிதனை நேசிக்காமல் இருக்க முடியாது. சமீபத்தில் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு தோழர் சொன்னார்: "ஜோ ஃப்ரேஸியர் நல்ல பாக்ஸர்தான். ஆனா தோல்விய ஏத்துக்கத் தெரியாத ஆளு. சாகுற வரைக்கும் அலி மேல கறுவிக்கிட்டே இருந்தான். ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் இல்ல." எனக்குச் சுருக்கென்றது. அன்று பேசாமல் வந்துவிட்டேன். இப்போது பேசுகிறேன்.

தோல்வியை ஏற்கத் தெரியாதவர்கள் யார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜாக் ஜான்சன் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வெள்ளையருக்குப் பொறுக்கவில்லை. தோற்காமலே ஓய்வுபெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரீஸை, இனத்தின் மானத்தைக் காப்பாற்று என்று இழுத்துவந்தார்கள். கூப்பிட்டவர்களில் எழுத்தாளர் ஜாக் லண்டனும் ஒருவர். (சோசலிஸ்ட்தான். நம்மூர் முற்போக்குகள் கவனிக்க.) 1910 ஜூலை 4, ரீனோ நகரம். பதினைந்தாவது ரவுண்டில் ஜெஃப்ரீஸ் வீழ்ந்தார். தன் நல்ல காலத்தில்கூட இந்த மனிதனை ஜெயித்திருக்க முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அடி வாங்கினவனுக்குப் புரிந்துவிட்டது. வேடிக்கை பார்த்தவனுக்குத்தான் புரியவில்லை. அன்றிரவே நகரம் நகரமாகக் கறுப்பர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். பலரைக் கொன்றார்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். பின்னால் வந்த ஜோ லூயிஸுக்கு, வெள்ளை எதிராளியை வீழ்த்தினால் எக்களிக்காதே என்று அவருடைய மேலாளர்களே விதி வகுத்தார்கள். ஜெயிச்சாலும் கைகட்டி நிக்கணும். பெருந்தன்மை என்பது யாரிடம் கேட்கப்படும் வரி என்று இப்போது தெரிகிறதா?

ஃப்ரேஸியர் தென் கரோலினாவில் ஏழை விவசாயக் கூலி வீட்டில் பிறந்தவர். பிழைக்க பிலடெல்ஃபியா வந்து கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர். அலிக்குச் சண்டையிட உரிமம் இல்லாத நாட்களில் அவருக்காகப் பேசியவர், பணமும் கொடுத்தவர். அந்த ஃப்ரேஸியரைத்தான் 1971 சண்டைக்கு முன்னால் 'அங்கிள் டாம்' என்றார் அலி. வெள்ளையனுக்கு வாலாட்டுகிற கறுப்பன் என்று அர்த்தம். அலி தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தபோது அவருக்குப் பணம் போட்டவர்கள் லூயிவில் நகரத்து வெள்ளை முதலாளிகள் என்பதை யாரும் கேட்கவில்லை. மார்ச் 8 இரவு, கடைசி ரவுண்டில் ஃப்ரேஸியரின் இடதுகைக் குத்தில் அலி மல்லாந்தார். மூன்று தீர்ப்பும் ஃப்ரேஸியருக்கு. அலியோ அதை வெள்ளையன் கொடுத்த தீர்ப்பு என்று சொல்லித் திரிந்தார். இதை ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் இல்லை என்று எந்தத் தோழரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1975இல் மணிலா. இந்த முறை 'கொரில்லா'. ரப்பர் பொம்மைக் குரங்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிருபர்கள் முன்னால் அதைக் குத்திக் காட்டினார் அலி. எல்லோரும் சிரித்தார்கள். கறுப்பனைக் குரங்கு என்பது யாருடைய வசவு? அதைத் தன்னைவிடக் கறுத்த ஒருவன் மேல் எடுத்து வீச அலிக்கு எப்படி வாய் வந்தது? ஃப்ரேஸியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலி கேட்டு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தார்கள். சண்டையில் கண் வீங்கி மூடிய பிறகும் பதினான்கு ரவுண்டு நின்றார். பயிற்சியாளர் எட்டி ஃபட்ச்தான் நிறுத்தினார். அதன் பிறகும் அலியை மாபெரும் சாம்பியன் என்றார் ஃப்ரேஸியர். தோல்வியை ஏற்காதவன் பேச்சா இது? குத்தை ஏற்றுக்கொண்டார். வசவை ஏற்கவில்லை. இரண்டும் ஒன்றா தோழர்?

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், எட்டாம் வகுப்பில் கபடியில் தோற்ற கடுப்பில் அருந்ததியர் தெருப் பையன் ஒருவனை நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஊர்த்தெருக்காரன் எங்களைச் சொல்லும் வார்த்தைக்குத் தங்கச்சி அது. அவன் திருப்பிச் சொல்லவில்லை, அடிக்கவுமில்லை. இருபது வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "நல்லாருக்கியாடா" என்றேன். முகத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். அவனுக்கும் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் இல்லைபோல.

நோயில் நடுங்கிய அலியைப் பற்றி ஃப்ரேஸியர் கொடூரமாகவும் பேசியிருக்கிறார். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. 2001இல் அலி ஒரு பத்திரிகையில் வருத்தம் தெரிவித்தார். பேப்பர்கிட்ட கேட்டான், என்கிட்ட கேட்கலையே என்றார் ஃப்ரேஸியர். சரிதானே? முப்பது வருஷத்துக் கணக்கை மூன்றாம் ஆள் மூலமாகத் தீர்க்க முடியுமா?

1976இல் 'ராக்கி' படம் வந்தது. ஃப்ரேஸியரின் ஊரான பிலடெல்ஃபியாதான் கதைக்களம். தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பழகுவது ஃப்ரேஸியரின் வாழ்க்கையிலிருந்து போனது. அலியைப் போலவே வாயடிக்கும் கறுப்புச் சாம்பியனிடம் வெள்ளை நாயகன் கடைசியில் தோற்கிறான். அந்தத் தோல்விக்கு உலகமே எழுந்து நின்று கைதட்டியது. இல்லாத அந்த மனிதனுக்கு மூன்றாம் பாகத்தின்போதே வெண்கலச் சிலை வந்துவிட்டது. ஃப்ரேஸியர் அதே ஊரில் தன் உடற்பயிற்சிக்கூடத்தின் மாடியில் குடியிருந்தார். 2011 நவம்பரில் செத்தார். அவருக்கு அங்கே சிலை வந்தது 2015இல்.