மண்சட்டிக்குக் கத்தாத கருவி

யூடியூபைத் திறந்தால் இப்போது ஒரு புதுவகை வீரன் வருகிறான். காதில் ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர், இடுப்பில் ஒரு சின்னக் கொத்து. ஆளில்லாத பழைய வீட்டின் கொல்லைப்புறத்தில் கருவியை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கிறான். கருவி கத்துகிறது. தோண்டுகிறான். குத்துவிளக்கின் தண்டோ, விக்டோரியா ராணி தலை போட்ட காசோ மேலே வருகிறது. 'நம் முன்னோர்களின் வாழ்க்கை' என்று பின்னணி இசையோடு ஒரு குரல் உருகுகிறது.

நான் தென்சென்னையின் குடியிருப்பு வரலாற்றை ஆய்வு செய்கிறேன் என்பதால் நண்பர்கள் இந்த வீடியோக்களை எனக்கு அனுப்புகிறார்கள். 'மயிலாப்பூரில் இடிக்கிற பழைய வீடுகளில் இப்படித் தேடினால் எவ்வளவு கிடைக்கும்!' என்று ஆசைப்படுகிறார்கள். முற்போக்கானவர்கள்தான். பழம்பொருள் தேடுவதில் என்ன அரசியல் இருக்கிறது என்று உண்மையாகவே கேட்கிறார்கள். அவர்களுக்கான பதில் இது.

முதலில் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அடியில் வட்டமாக இருப்பது கம்பிச்சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பும்; அதைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். செம்பு, பித்தளை, வெள்ளி, தங்கம், இரும்பு எல்லாம் அதன் காதில் விழும். மண்சட்டி விழாது. மரக்கரண்டி, பனையோலைப் பெட்டி, கொட்டாங்குச்சி அகப்பை, பிளாஸ்டிக் குடம் எதுவும் விழாது.

அப்படியென்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த மண்ணில் யார் வீட்டில் உலோகம் இருந்தது? யார் வீட்டில் இருக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டது?

மனுநீதி பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்கு விதிப்பது நமக்குத் தெரியும். ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், இரும்பைத் தவிர வேறு அணி பூணக் கூடாது. அது பழைய ஏடு, யாரும் பின்பற்றவில்லை என்று சமாளிப்பவர்களுக்கு 1930ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். முதல் தடை, தங்க வெள்ளி நகை அணியக் கூடாது. ஐந்தாவது தடை, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறெதையும் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

இது ராமநாதபுரத்தின் கதை மட்டுமல்ல. 1935இல் அகமதாபாத் மாவட்டத்தின் ஜானு கிராமத்தில் தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அண்ணல் அம்பேத்கர் இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டுகிறார். குடத்தில் இருந்த தண்ணீர் ஒரே தண்ணீர்தான். குடம் உலோகமாக இருந்ததுதான் அவர்களுக்கு வலித்தது.

ஆக, உலோகம் என்பது இங்கே வெறும் பொருளல்ல, அனுமதி. யாருக்கு அந்த அனுமதி இருந்ததோ அவர்களுடைய வீட்டு மண்ணில்தான் கருவி கத்தும். அனுமதி மறுக்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மடிந்த மண்ணில் அது மௌனமாக நடந்து போகும். பிறகு அந்த மௌனத்தையே ஆதாரமாகக் காட்டி 'இங்கே ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

தடை உடைந்து உலோகம் நம் வீட்டுக்குள் வந்த பிறகும் அது தங்கவில்லை. அடையாற்றங்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த என் ஆயா, தி.நகரில் சீட்டுப் பணத்தில் வாங்கிய எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டி வைத்திருந்தார். மழைக்காலத்தில் அது அடகுக்கடைக்குப் போகும், தை மாதம் திரும்பி வரும். ஒரு வருடம் திரும்பி வரவில்லை. நாள்கூலிக் குடும்பங்களில் அண்டா குண்டா என்பது வட்டிக்குப் போய்வரும் சேமிப்பு. அதை யாரும் மண்ணில் விட்டுவிட்டுப் போவதில்லை. கொல்லையில் பித்தளையை மறந்துவிட்டுப் போக முடிகிறது என்றால், அது இல்லாமலும் அடுத்த மாதம் சோறு பொங்கும் என்று பொருள்.

'அப்படியானால் சேரி மண்ணில் தேடுவதற்கு என்னதான் இருக்கிறது?' என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது, கருவியைக் கீழே வைத்தால். கீழடியில் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வில் நம்மை நிமிர வைத்தவை எவை? பானை ஓடுகள். சுட்ட மண்ணில் கீறிய தமிழி எழுத்துகள். 'ஆதன்', 'குவிரன்' என்று ஆட்களின் பெயர்கள். என் ஆயா குடத்தில் பேர் வெட்டியது போலத்தான் அந்த மனிதர்களும் தங்கள் சட்டியில் பேர் கீறியிருக்கிறார்கள். மெட்டல் டிடெக்டரோடு ஒருவர் அந்தக் குழிமேல் நடந்திருந்தால் ஆதனைத் தாண்டிப் போயிருப்பார். அது மட்டுமல்ல, ஒரு காசுக்காக மண்ணைக் கிளறியதில் எந்த ஓடு எந்த அடுக்கில் இருந்தது என்ற தகவலும் அழிந்திருக்கும். பொருள் கிடக்கும் இடமும் அடுக்கும் போய்விட்டால், பொருள் கையில் இருந்தாலும் வரலாறு இல்லை.

அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வரலாறும் இப்படித்தான் மீண்டது. எஜமானர் மாளிகையின் வெள்ளிக் கரண்டிகள் எப்போதோ அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்துவிட்டன. தென் கரோலினாவில் அடிமைக் குடியிருப்புகளின் மண்ணில் கிடைத்த முரட்டு மண்கலங்களைப் பழங்குடி மக்கள் மட்டுமே செய்தவை என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவற்றில் அடிமைப்பட்ட மக்களின் கைவேலையும் இருக்கிறது என்பதைத் தொல்லியலாளர்கள் பிற்பாடு எடுத்துக்காட்டினார்கள். லீலண்ட் பெர்குசன் 1992இல் வெளியிட்ட நூல் அந்தச் சட்டிகளை வைத்தே அவர்களின் சமையலையும் நம்பிக்கைகளையும் பேசியது. சட்டி பேசும். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். வெள்ளைக்காரன் காலத்து இந்தியப் புதையல் சட்டம், 1878. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்கள் நேரில் வர ஒரு நாள் குறிக்க வேண்டும். அந்த நாள் அறிவிப்பிலிருந்து நான்கு மாதத்துக்கு முன்பாகவும் இருக்கக் கூடாது, ஆறு மாதத்துக்குப் பின்பாகவும் இருக்கக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். எப்போதோ செத்துப்போன ஒருவர் புதைத்த காசுக்குடத்துக்கு உரியவர் வருவாரா என்று சட்டம் நான்கு மாதம் காத்திருக்கிறது. உயிரோடு வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு, புல்டோசர் வரும் காலையில் பாத்திரங்களை வெளியே எடுக்கக்கூட அவகாசம் கிடைப்பதில்லை.

2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் ஏற்றினார்கள். அதே ஆற்றின் ஓரத்தில் நிற்கும் மாடிக் கட்டடங்களுக்கு அந்த நியாயம் பொருந்தவில்லை. 2022 ஏப்ரல் இறுதியில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், உச்ச நீதிமன்ற உத்தரவைச் சொல்லி, பக்கிங்காம் கால்வாய் ஓர வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். மே 8 அன்று அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்தார், மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே மாற்று வீடு என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே இடம் கொடுக்க முடியும் என்பது ஓர் உயிர் போன பிறகுதான் அரசுக்குத் தெரிந்தது.

அங்கிருந்து மயிலாப்பூர் மாட வீதிகள் எட்டும் தூரம்தான். அந்தப் பக்கம் ஒரு பழைய வீடு இடிபட்டால் என்ன நடக்கிறது? தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் முன்கூட்டியே விலை பேசப்படுகிறது. திண்ணையைப் படம் எடுத்து 'மறையும் மரபு' என்று கட்டுரை எழுதுகிறார்கள். வீட்டுக்காரருக்கு அதே மனையில் புது பிளாட் கிடைக்கிறது. அந்த வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்த பெண்ணின் குடிசை இடிபட்டால் அது 'ஆக்கிரமிப்பு அகற்றம்'. அங்கே மிஞ்சுவதைத் தேடிக் கயிற்றில் காந்தம் கட்டி இழுத்து வருகிறவருக்குக் கிடைப்பது துருப்பிடித்த ஆணி. இவரும் உலோகம் தேடுகிறவர்தான். ஆனால் இவரை யாரும் பண்பாட்டு ஆர்வலர் என்று அழைப்பதில்லை. சந்தேகக் கேஸில் பிடித்துப் போகாமல் இருந்தாலே பெரிது.

'கைவிடப்பட்ட வீடு' என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. பிள்ளைகள் அமெரிக்கா போனதால் பூட்டிக் கிடப்பது கைவிடப்பட்ட வீடாக இருக்கலாம். அடையாற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்தவை கைவிடப்பட்டவை அல்ல, காலி செய்யப்பட்டவை. அங்கே வாழ்ந்தவர்கள் மறைந்து போன மர்ம நாகரிகமும் அல்ல. கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் வந்து இன்றைக்கும் அடையாறு வீடுகளில் வேலை செய்கிறார்கள். வரலாறு வேண்டுமென்றால் அவர்களைக் கேட்கலாம். தோண்டவே வேண்டாம்.

'குப்பைக்குப் போவதை நாங்கள் காப்பாற்றுகிறோமே' என்பார்கள். காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேடுவதற்கு முன்பே எதைத் தேட வேண்டும் என்று சாதி முடிவு செய்துவிட்ட தேடல் அது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் பிறந்த மயிலை சீனி. வேங்கடசாமி, ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராக அலைந்தும் ஏடுகளைப் படித்தும் மறைக்கப்பட்ட பௌத்தத்தின் தடங்களைத் திரட்டி, 1940இல் 'பௌத்தமும் தமிழும்' நூலைத் தந்தார். அவர் தேடியது பளபளக்கிற பொருளை அல்ல, அழிக்கப்பட்டதன் தடத்தை. நமக்கு வேண்டிய தேடல் அந்த வகை.

ஆகவே அரசிடம் நம் கோரிக்கை இதுதான். எந்தக் குடியிருப்பையும் தொடுவதற்கு முன், கூப்பிடு தூரத்தில் மாற்று வீடு தர வேண்டும். அங்கே வாழ்ந்த ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும், எப்போது வந்தார்கள், அந்த நிலத்தை எப்படி மேடாக்கி வீடாக்கினார்கள் என்பதையும் எழுதி, பொது ஆவணமாக வைக்க வேண்டும். காசுக்குடத்துக்குக் கொடுக்கும் நான்கு மாதம் மனிதர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கருவி வாங்க வைத்திருக்கும் பணத்தில் பேருந்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போங்கள். வயதான ஓர் அம்மாவிடம் பழைய வீடு எங்கே இருந்தது என்று கேளுங்கள். தெரு, கிணறு, மரம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வரைக்கும் சொல்வார். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.