விலக்கு ஆளுக்கா, பயணத்துக்கா?

கொரோனாக் கொள்ளைநோய் உலகை வருத்திய காலத்தில் எழுந்த வினாக்களுட் பல, நோய் தணிந்ததும் மறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மறக்கத்தக்கதன்று என்பது எமது துணிபு. வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ பணிபுரியும் ஒருவர், நாட்டுக்கு இன்றியமையாதவர் எனப் பெயர்பெற்றவர், விடுமுறையைக் கழிக்கப் பிறநாடு சென்று மீள்கின்றார். அவ்வாறு மீளும் பயணிகள் யாவரும் 14 நாள் வீட்டில் ஒதுங்கியிருத்தல் வேண்டுமென்று விதி உளது. "யான் இன்றியமையாத பணியாளன், ஆதலின் எனக்கு அவ்விதி இல்லை" என்று அவர் கூறலாமா? 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இஃது ஏட்டளவில் நின்ற வினாவன்று; பலருடைய பிழைப்பையும் சிலருடைய உயிரையும் தொட்ட வினா. ஆதலின் அந்நாட்டு நிகழ்ச்சிகளையே ஈண்டு எடுத்து ஆராய்வாம்.

பிற நாடுகளிலிருந்து வந்திறங்குவோர் 14 நாள் தம் இருப்பிடத்தை விட்டு வெளியேறலாகாது என்ற விதி அங்கே 2020 யூன் 8ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. விதியோடு ஒரு நீண்ட விலக்குப் பட்டியலும் உடன் வந்தது. சரக்கேற்றி வரும் லொறிச் சாரதி, மாலுமி, விமானப் பணியாளர் முதலியோர் அதில் இடம்பெற்றனர். பதிவுபெற்ற வைத்தியர், தாதியர் முதலியோர்க்கும் தொடக்கத்தில் அதில் இடமிருந்தது. யூலை மாத இறுதியில் அரசு கருத்தை மாற்றிக்கொண்டது. நோய்மிக்க நாடுகளிலிருந்து மீளும் வைத்தியத்துறையினரும் பராமரிப்புத் துறையினரும் யூலை 31 முதல் ஏனையோரைப் போலவே ஒதுங்கியிருத்தல் வேண்டுமென்று விதி திருத்தப்பட்டது. வியாழக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று இவர்களைக் கைதட்டிப் போற்றிய நாடு, அக்கைதட்டல் ஓய்ந்து இரண்டு மாதங் கழிந்த அளவிலேயே இச்சலுகையைப் பறித்தமை நன்றிகேடு என்று சிலர்க்குத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

தமிழிலக்கணங் கற்றார்க்கு இதனை விளக்குதல் எளிது. 'காடு' என்புழி ஈற்றுகரம் குறுகி ஒலிக்கும். 'பசு' என்புழி அவ்வுகரமே குறுகாது நிற்கும். எழுத்து ஒன்றே. குறுகுதலும் குறுகாமையும் அது நிற்கும் இடத்தாலும் சார்ந்து வரும் எழுத்துக்களாலும் அமைவனவேயன்றி, உகரம் என்ற பெயரால் அமைவனவல்ல. விலக்கும் இத்தன்மைத்தே. லொறிச் சாரதி டோவர்த் துறையில் வந்திறங்கும்போது அவர் கொணர்வது மக்கள் உண்ணும் உணவு. அவரை 14 நாள் நிறுத்திவைப்பின் அடுத்த கிழமை கடையில் காய்கறி இராது. அவருடைய பயணமே அவருடைய பணி. அதே சாரதி மனைவி மக்களோடு மல்லோர்க்காத் தீவில் ஒரு கிழமை வெயில் காய்ந்து மீளும்போது அவர் வெறும் பயணியே. அப்போது அவர் பின்னால் லொறி இல்லை.

நோயின் இயல்பை நோக்கினால் இது மேலுந் தெளிவாகும். கொரோனா தொற்றியோருட் பெரும்பாலோர் ஐந்தாறு நாளில் நோய்க்குறி காட்டுவர். சிலரிடத்து அது 14 நாள் வரையும் மறைந்திருக்கும். குறி தோன்றுமுன்னரே பிறர்க்குத் தொற்றவும் செய்யும். ஆதலின் 'எனக்கு ஒன்றுமில்லை, நலமாயிருக்கின்றேன்' என்ற சொல்லை நம்பி ஒருவரை உள்ளே விடுதல் இயலாது. வங்கியிற் கணக்கெழுதுவார் ஒருவர் நோயோடு மீண்டால் அவரைச் சூழ்ந்திருப்போர் பெரும்பாலும் உடல்வலியுள்ளோர். தாதி நோயோடு மீண்டால் அவர் தொடுவது எண்பது வயது மூதாட்டியின் கையை. அவர் குனிந்து பேசுவது மூச்சுவிட முடியாது கிடப்பவரின் முகத்தருகே. அந்நாட்டு முதியோர் இல்லங்களில் 2020 இளவேனிலில் மாண்டோர் தொகை பெரிது. பணியாளர் ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்துக்கு மாறிமாறிச் சென்று வேலைசெய்த இடங்களில் தொற்று மிகுந்திருந்ததைப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். இன்றியமையாதவர் என்பதைக் காட்டி விலக்குக் கேட்போர், அந்த இன்றியமையாமையே விலக்குக் கூடாமைக்குக் காரணமாதலை எண்ணிப் பார்ப்பதில்லை.

"ஆளில்லையே, என் செய்வது?" என்பர் எதிர்வாதஞ் செய்வோர். இதனை எளிதில் தள்ளுதல் நேர்மையன்று. ஒரு நோயாளர் கூடத்துக்கு நான்கு தாதியர் வேண்டிய இடத்தில் இருவர் நின்றால், அங்கும் உயிர் போகும். எனினும் விடுமுறை என்பது முன்னறிந்து பெறுவது. ஒரு தாதி எந்நாள் போகிறார், எந்நாள் மீள்கிறார் என்பதை மேற்பார்வை செய்யும் தலைமைத் தாதி அறிவார். அதன்மேல் 14 நாளைக் கூட்டிப் பணிப்பட்டியல் எழுதுதல் அவர்க்கு இடராயினும் இயலாததன்று. ஒருவர் கொணர்ந்த தொற்றினால் கூடத்திலுள்ள பணியாளர் அனைவரும் ஒருங்கே படுக்கையில் வீழ்ந்தால், எப்பட்டியலும் உதவாது.

இனி, இவ்விதியில் எமக்கு மெய்யாகவே உறுத்தும் பகுதிக்கு வருவாம். ஸ்பெயினிலிருந்து வருவோரும் ஒதுங்கியிருத்தல் வேண்டுமென்ற அறிவித்தல் 2020 யூலை 25ஆந் தேதி சனிக்கிழமை மாலை வெளியாயிற்று. சில மணிநேரத்தில், நள்ளிரவிலேயே, அது நடைமுறைக்கும் வந்தது. அவ்வேளை ஸ்பெயினில் விடுமுறை கழித்துக்கொண்டிருந்தோருள் இங்கிலாந்தின் போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் ஒருவர்! அவர் விடுமுறையை இடைமுறித்து மீண்டு, ஏனையோர் போல ஒதுங்கியிருந்தார். தம் அரசின் விதிக்குத் தாம் அடங்கிய அச்செயலைப் பாராட்டுகின்றோம். ஆனால் அமைச்சர்க்கு வீட்டில் தொலைபேசியும் கணினியும் இருந்தால் அலுவல் நடக்கும், சம்பளமும் வரும். தாதியின் தொழிலைத் தொலைபேசியில் நடத்துதல் எங்ஙனம்? நோயுற்ற தொழிலாளர்க்குச் சட்டப்படி கிடைத்த உதவிப்பணம் அந்நாளிற் கிழமைக்கு 95 பவுண் 85 பென்ஸ். அச்சிறு தொகையும், பயணத்தின் பின் ஒதுங்கியிருத்தல் ஒன்றையே காரணமாக உடையோர்க்கு உரியதன்று என விதி கூறிற்று. தொழில் கொள்வோர் பரிவு காட்டல் வேண்டும் என அரசு வேண்டிக்கொண்டது. பரிவைக் கொண்டு வாடகை கொடுத்தார் யாருமிலர்.

'விடுமுறை' என்ற சொல்லும் எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருவதன்று. அந்நாட்டு வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிவோருள் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் சென்றோர் மிகப் பலர். எம்மவர் பிள்ளைகளும் அங்கே அப்பணியில் உளர். இவர்களுள் ஒருவர் மூன்றாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில், பிணியுற்ற தாயைக் காணப் போய்வருவதும் விண்ணப்பத் தாளில் விடுமுறை என்றே எழுதப்படும். அவரும் ஒதுங்கியிருத்தல் வேண்டும் என்பதே எமது முடிபு. தாயைக் கண்டு வந்தமையால் நோய் தொற்றாது போவதில்லையன்றோ.

விதி இவ்வளவு கண்டிப்பாயிருந்த நாட்டில் அதன் பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். தாதியர்க்கு விலக்கு நீங்கி நான்கு மாதங் கழிந்தபின், 2020 டிசெம்பர் 5 முதல், நாட்டின் பொருளாதாரத்துக்குப் பெரும் பயன்தரும் வணிகத்தின் பொருட்டுப் பயணஞ் செய்வார்க்கும், விளையாட்டு வீரர், கலைஞர் சிலர்க்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 2021 யூலையில் வெம்பிளி மைதானத்தில் நடந்த ஐரோப்பியக் கால்பந்தாட்ட இறுதிப் போட்டிகளின்போது, சங்க அலுவலரும் விருந்தினருமாகிய சிலர் ஒதுக்கத்திலிருந்து வெளிப்போந்து ஆட்டங் காண இசைவு பெற்றனர். ஆட்டங் காணுதல் எவ்வகையான இன்றியமையாப் பணி என்பது எமக்கு விளங்கவில்லை. பயணத்தை நோக்கவேண்டிய விதி இங்கே ஆளின் தரத்தை நோக்கத் தொடங்கிவிட்டது.

இப்பழக்கம் எமது கடற்கரையும் அறிந்த ஒன்றே. தேயிலைத் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர், மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே தலைமன்னாருக்குக் கப்பலேறினர். அவர்களைவிட அந்நாளில் இந்நாட்டு வருவாய்க்கு இன்றியமையாத பணியாளர் யாவர்? அவர்களுக்கு விலக்களிப்பதுபற்றி எவரும் வாய்திறந்திலர்.

இங்கிலாந்தின் பயண விதிகள் யாவும் 2022 மார்ச்சு 18இல் நீக்கப்பட்டன. மீண்டும் அவற்றை எழுதவேண்டிய நாள் வரின், பட்டியலிலுள்ள ஒவ்வொரு தொழிற்பெயர்க்கும் முன் 'பணியின் பொருட்டுப் பயணஞ் செய்யும்' என்ற அடைமொழி தவறாது நிற்றல் வேண்டும். பட்டியலின் கீழே, ஒதுங்கியிருக்கும் நாள்களுக்குத் தாதியர்க்கும் பராமரிப்பாளர்க்கும் முழுச் சம்பளம் தருபவர் யார் என்பதும் எழுதப்படல் வேண்டும். உல்லாசமாய்த் திரிந்து வந்தார்க்கும் சம்பளமா என்று வினவுவர், ஆம், அவர்க்குந்தான். சம்பளம் இல்லையெனின் அவர் தம் பயணத்தை மறைத்துத் திங்கட்கிழமை விடியற்காலையிலேயே பணிக்கு வந்துவிடுவார். கூடத்தில் ஆள் போதாத தலைமைத் தாதியும், அவர் முகத்தில் வெயில் பட்ட நிறத்தைக் கண்டும், எங்கே போயிருந்தீர் என்று கேளார்.