யார் வீட்டு அடுப்பில் வேகிறது இந்தக் காதல்?

காதல் கதை எழுத வருகிறவர்களுக்கு நம் பெரிய எழுத்தாளர்கள் ஓர் உபதேசம் வைத்திருக்கிறார்கள். உன் குடும்பத்து ருசியை எழுது, பாட்டியின் கைப்பக்குவத்தை எழுது, கதை தானாக மணக்கும் என்பார்கள். நல்ல உபதேசம்தான். நமக்குக் கேள்வி ஒன்றே ஒன்று. எந்தப் பாட்டி? யார் வீட்டு அடுப்பு?

ராணிமுத்து, மாலைமதி, கண்மணி, குடும்ப நாவல் என்று பஸ் ஸ்டாண்டுக் கடைக் கயிறுகளில் தொங்கிய மாத நாவல்களை நாம் இலக்கியம் இல்லை என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் ஜனங்கள் படித்தது அவற்றைத்தான். ரமணிச்சந்திரன் ஒருவரே நூற்றுக்கும் மேல் எழுதியிருக்கிறார். எங்கள் தெருப் பெண்கள் மில் வண்டியில் போகும்போது அட்டை கிழியக் கிழியக் கைமாற்றிப் படித்தார்கள். எங்க அக்காளும் படித்தாள். அவளை நான் கேலி செய்ய மாட்டேன். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியைத் தின்றவளுக்குக் காதல் ஒரு ஆறுதல். இன்று அந்தக் கதைகள் கைப்பேசிக்குள் போய்விட்டன. சமையலறை மட்டும் மாறவில்லை. நாயகி டிகிரி காபி ஆற்றித் தருவாள். நெய்யில் முந்திரி வறுபடும். வத்தக்குழம்பு வாசத்தில் மாமியார் மனம் இளகும். 'இவள்தான்' என்று நாயகன் முடிவு செய்வான். பெரும்பாலும் இந்தக் கதைகளில் சாதிப் பெயர் இருக்காது. இருக்க வேண்டியதில்லை. சமையல் பட்டியலே ஜாதகம்.

இது தமிழின் மரபு என்று யாராவது சொன்னால் மரபையே எடுத்துப் பார்ப்போம். குறுந்தொகை 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வந்த பெண், தயிரைப் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை ஏற, குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் உள்ளூர மலர்கிறது. சமையலை வைத்துக் காதல் சொல்வது நேற்று வந்த சங்கதி அல்ல என்பதற்கு இது சாட்சி. புகை அவள் கண்ணுக்கு, ருசி அவன் நாக்குக்கு என்ற பங்கீடும் அன்றைக்கே முடிந்துவிட்டது என்பதற்கும் இதுவே சாட்சி.

ஆனால் அதே சங்கப் பாட்டில் பாணனும் விறலியும் கொழுத்த கறியும் கள்ளுமாக விருந்துண்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படை எயினர் வீட்டில் ஒரு சோறு, உழவர் வீட்டில் ஒரு சோறு, வலைஞர் வீட்டில் ஒரு சோறு, அந்தணர் வீட்டில் வேறொரு சோறு என்று வழி நெடுக எல்லா அடுப்பையும் காட்டிக்கொண்டு போகிறது. அத்தனை அடுப்பு எரிந்த இலக்கியத்தில் ஒன்றிரண்டு அடுப்பு மட்டும் 'தமிழ்க் குடும்பம்' ஆனது எப்படி? மற்ற அடுப்புகளை அணைத்தது யார்?

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் வந்து பாருங்கள். மரவள்ளிக்காடு, ஜவ்வரிசி ஆலை, கோழிப்பண்ணை, விசைத்தறி, லாரிப் பட்டறை. சாலை நெடுக 'கொங்கு விருந்து' போர்டு. அரிசியும் பருப்பும் சோறு, ஒப்புட்டு, சந்தவம், பள்ளிபாளையம் சிக்கன். எல்லாம் ருசிதான். ஆனால் கொங்கு என்றால் இவ்வளவுதானா? கவலை இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவன் கொங்கு இல்லையா? கிழங்கு பிடுங்குகிறவள், கோழிக் கூண்டுக்கடியில் எரு அள்ளுகிறவள் அடுப்பில் என்ன வேகிறது என்று எந்த விருந்துக் கடை போர்டிலாவது எழுதியிருக்கிறதா?

நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்து உணவு மரபு இரண்டு கிளை.

ஒன்று வாங்கித் தின்ற சோறு. எங்க ஆயா பொழுது சாய்ந்ததும் போசியைத் தூக்கிக்கொண்டு பண்ணாடி வீட்டுப் புறக்கடையில் நின்று, 'சாமீ, சோறு போடுங்க சாமீ' என்று குரல் கொடுத்திருக்கிறாள். பத்து வீட்டுக் குழம்பு ஒரே போசியில் கலந்திருக்கும். அதற்கு ஒரு ருசி உண்டு. அந்த ருசியை எந்தச் சமையல் புத்தகத்திலும் சேர்க்க முடியாது. ஆனால் அதுதான் ஊரின் சட்டம். செத்த மாட்டை இழுத்துப் போடுவது நம் வேலை, தோல் நம் தொழில், கறி நம் பங்கு, அந்தக் கறியைத் தின்றதால் தீட்டும் நம்முடையது. மாட்டுக்கறி உண்டதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் விரிவாக எழுதினார். எங்க ஆயா அந்த நூலைப் படிக்கவில்லை. அவள் போசியில் அது எழுதியிருந்தது.

இன்னொன்று ஆக்கித் தின்ற சோறு. கறியை வார் வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, முள்வேலிக்கு மேலே கொடி கட்டிக் காயப் போடுவோம். அடைமழை நாளில் தணலில் வாட்டி, அம்மியில் தட்டி, களிக்குத் தொட்டுக்கொள்வோம். எங்கப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடலைக்காய் பிடுங்கும் காட்டில் எங்கம்மாவைப் பார்த்துப் பிடித்துப்போனது. பூவரச இலையில் சுட்ட உப்புக்கண்டம் ஒரு துண்டு மடித்து, அவள் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனாராம். அவள் தின்றுவிட்டு இலையை மட்டும் திருப்பி அவர் முன்னால் போட்டாளாம். சம்மதம்! தமிழில் இதைவிட நல்ல காதல் கடிதம் ஒன்று காட்டுங்கள், பார்க்கலாம்.

இதைக் கதையாக எழுதி ஒரு பெண்கள் மாத இதழுக்கு அனுப்பினேன். பதில் வந்தது. கதை நன்றாக இருக்கிறது, உப்புக்கண்டத்தை மட்டும் அதிரசம் என்று மாற்றிக் கொடுங்கள், வாசகிகளுக்குக் குமட்டும் என்றார்கள். அதிரசத்துக்கு வெல்லமும் பச்சரிசியும் எண்ணெயும் எங்கப்பனுக்கு யார் கொடுத்திருப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. மாற்றவில்லை. கதையை நம்முடைய தோழர் ஒருவர் நடத்திய பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர் போனில் சொன்னார்: 'எழுத்து நல்லாருக்கு தோழர், ஆனா காதல் கதையா போச்சே. விடுதலைக்கு இதுல என்ன இருக்கு?'

அவர்களுக்குக் கறி வேண்டாம். இவர்களுக்குக் காதல் வேண்டாம். இந்தக் கட்டுரை இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

தோழர்களே, விடுதலைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன் 'சாதி ஒழிப்பை' மறுபடி எடுத்துப் படியுங்கள். லாகூர் ஜாத்-பட்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்டு, 1936இல் பாபாசாகேப் தானே அச்சிட்ட உரை அது. சமபந்தி போதாது, சேர்ந்து உண்டதால் சாதி சாகவில்லை, சாதி மீறிய மணமே உண்மையான மருந்து என்கிறார் அவர். தமிழ்நாட்டில் 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் வெடித்த சண்டையும் பந்தியில்தான் தொடங்கியது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றவர்களுக்குத் தனிப் பந்தி. சாதிக்கு இரண்டு வாசல். ஒன்று சமையலறை வாசல், மற்றது படுக்கையறை வாசல். இரண்டிலும் அதுவே காவல் நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத் தொடுகிற எழுத்துக்குக் காதல் கதை என்று பெயர். அதை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்கச் சொல்கிறீர்களே!

காவல் எவ்வளவு கடுமை என்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் பட்டதாரி, தலித் இளைஞன். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் கவுண்டர் சமூகத்துத் தோழியோடு பேசிக்கொண்டிருந்தான். கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. ஆணும் பெண்ணும் சரிபாதியாய் நிற்கிற சாமி இருக்கும் மலை அது! மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன், 2013 ஜூலை 4 அன்று, தர்மபுரி இளவரசனும் தண்டவாளத்தில்தான் கிடந்தான். அவனுக்குத்தான் பெருமாள்முருகன் 'பூக்குழி' நாவலைச் சமர்ப்பணம் செய்தார். சாதி தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறவனை அந்த ஊர் என்ன செய்கிறது என்பதே கதை. எங்கள் மண்ணின் காதல் கதை இப்படித்தான் முடிகிறது. மாத நாவலில் சுபம் போட்டு முடிகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நான் சொல்கிற அரசியல்.

சமையலறை வாசல் மட்டும் திறந்துவிட்டதா? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு ஆக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் அந்த அம்மாளைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அவர் திரும்ப வந்தார், வழக்கும் பதிவானது. கிராமம்தானே, படிக்காத ஜனம்தானே என்கிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். வங்கியில் நான் பணம் எண்ணுகிறேன். நான் தொட்ட நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் டப்பாவைத் திறந்து நீட்டினால், 'இன்னிக்கி எனக்கு விரதமுங்க சார்.' செவ்வாயும் விரதம், புதனும் விரதம். நான் நீட்டும் நோட்டுக்குத் தீட்டில்லை, நான் நீட்டும் டப்பாவுக்குத்தான் விரதம்.

ஆக, நம் அடுப்பை நாமே எழுத வேண்டும். எழுதுகிற மாணவத் தோழர்களிடம் இன்னும் மூன்று சொல்ல வேண்டும்.

மாட்டுக்கறியைக் கொடியாக மட்டும் பிடிக்காதீர்கள். கொடிக்கு வாசனை கிடையாது. தணலில் கொழுப்பு சொட்டும் சத்தம், பங்கு பிரிக்கும்போது வரும் சண்டை, ஈரலைக் குழந்தைக்கு எடுத்து வைக்கும் கை, எல்லாம் வர வேண்டும். ஆத்திரத்தை மட்டும் எழுதினால் நாம் தின்றதை அவர்கள் பார்த்த கண்ணாலேயே பார்த்தவர்கள் ஆவோம்.

பசியை மறைக்காதீர்கள். பழைய சோற்றைப் பாரம்பரிய உணவு என்று மண்சட்டியில் வைத்து விலை சொல்கிற காலம் இது. நமக்கு அது மண்வாசனை அல்ல, வேறு இல்லாததால் குடித்தது. இரண்டையும் எழுதுங்கள்.

மூன்றாவது ஆண்களுக்கு. நம் வீட்டுப் பெண் ஊரான் காட்டில் வேலை செய்துவிட்டு வந்து நம் அடுப்பிலும் வேகிறாள். அவள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து கவிதை எழுதுவது சுலபம். கூடலூர் கிழார் காலத்துப் புகை இன்னும் அவள் கண்ணில் இருக்கிறது. உங்கள் கதையில் அவன் அடுப்பு ஊதட்டும், அவள் உட்கார்ந்து தின்னட்டும். பண்ணாடி வீட்டை எதிர்த்து எழுதிவிட்டு நம் வீட்டுக்குள் நாமே பண்ணாடி ஆவதற்குப் பெயர் விடுதலை இல்லை.

வழி புதிதல்ல. சிவகாமி 1989இல் 'பழையன கழிதலும்' எழுதினார், பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். மராத்தியில் சாஹு படோளே 2015இல் மராத்வாடா தலித் சமையலை ஒரு முழு நூலாகவே எழுதிவிட்டார். அன்னமே பூரணப் பிரம்மம் என்ற பழமொழியைப் புரட்டி, அன்னம் அபூரணப் பிரம்மம் என்று தலைப்பு வைத்தார். நம்மை விட்டுவிட்டு எது பூரணமாகும்?

எழுதுங்கள். சிற்றிதழில் மட்டும் வேண்டாம், எங்க அக்காள் கைக்குப் போய்ச் சேருகிற மாதிரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: உங்கள் நாயகன் அவள் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டான்? யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்? அந்த ஒரு வரி கதையில் இல்லையென்றால், அங்கே சாதி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.